வடுமாங்காய்க்கு யாரைக் கேட்பது?

மாசி பிறந்து, கடைத்தெருவில் வடுமாங்காய் வந்துவிட்டது. ஆசையாக இரண்டு கிலோ வாங்கி வந்துவிட்டீர்கள். உப்பு எவ்வளவு போடுவது என்று ஒரு சந்தேகம். யாரைக் கேட்பீர்கள்? நாலு வீடு தள்ளியிருந்தாலும் பாட்டியைத் தேடிக்கொண்டுதானே போவீர்கள்?

பாட்டி நாளெல்லாம் "வடுமாங்காய், வடுமாங்காய்" என்று ஜபம் செய்கிறவர் என்பதாலா? இல்லவே இல்லை! காம்புள்ள வடு ஏன் வேண்டும், விளக்கெண்ணெய் எதற்காகப் புரட்டுவது, ஜாடியைத் தினமும் ஏன் குலுக்க வேண்டும், ஈரக் கரண்டி பட்டால் என்ன ஆகும்? ஒன்றைக் கேட்டால் அடுத்ததற்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். ஊரில் அவருக்கு உள்ள மதிப்பின் ரகசியம் அதுதான்.

இப்போது பாட்டிக்குப் பதிலாகக் கைப்பேசியில் கூகிளைக் கேட்கிறோம். அது யாரைக் கை காட்டுகிறது? ஊறுகாய் போட்டு, சொந்தமாக இணையதளம் வைத்து விற்கும் சகோதரிகளுக்கு இது விளையாட்டுக் காரியமல்ல. தேடுகிறவர் கண்ணில் படாவிட்டால் ஜாடி அலமாரியிலேயே தூங்க வேண்டியதுதான்!

லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு ஸ்டான்போர்டு மாணவர்கள் 1998-ல் கூகிளைத் தொடங்கினார்கள். தேடிய சொல் பக்கத்தில் இருக்கிறதா, மற்றவர்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா என்று அது பார்த்தது. கெட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே சொல்லை ஐம்பது தடவை எழுதினார்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒளித்தும் வைத்தார்கள்!

ஆனால் சொல் வேறு, பொருள் வேறு அல்லவா? "ஆறு" என்றால் எண்ணா, நதியா? பக்கத்தில் "படித்துறை" என்று இருந்தால் நமக்கு உடனே புரிந்துவிடும். யந்திரத்துக்கும் அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தார்கள். மனிதர், ஊர், பொருள் இவற்றுக்குள் உள்ள உறவுகளைக் கோத்த அறிவு வரைபடம் 2012-ல் வந்தது. 2019-ல் 'பெர்ட்' என்ற முறை வந்தது. அதற்கு முன்பு, பிரேஸிலிலிருந்து அமெரிக்கா போக விசா வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டால், அமெரிக்காவிலிருந்து பிரேஸில் போகிறவர்களுக்கான விவரம் வந்து நிற்குமாம்! 'டு' என்ற குட்டிச் சொல்லின் மகிமை யந்திரத்துக்கு அதுவரை விளங்கவில்லை.

ஆகவே, பெயர் எடுக்க வழி, பாட்டியின் வழிதான். வடுமாங்காய் பற்றி ஒரு தலைமைப் பக்கம் எழுதுங்கள். வடு தேர்ந்தெடுப்பது, உப்பின் அளவு, பூஞ்சை பிடிக்காமல் காப்பது என்று கேள்விக்கு ஒரு கிளைப் பக்கம் எழுதுங்கள். கிளையிலிருந்து தலைமைக்கும், தலைமையிலிருந்து கிளைக்கும் இணைப்பு இருக்கட்டும். சொன்னதையே வேறு தலைப்பில் திருப்பிச் சொல்லாதீர்கள். கூட்டம் வருமே என்று நடுவில் சினிமா வம்பும் பங்குச் சந்தையும் நுழைய வேண்டாம். எழுதியவர் யார், எத்தனை வருஷமாக ஊறுகாய் போடுகிறார் என்பதையும் சொல்லுங்கள். பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோருக்கான குறிப்பில் 'அனுபவம்' என்பதைக் கூகிள் 2022 டிசம்பரில் சேர்த்தது.

இப்படி ஒரு விஷயத்தில் பெறும் மதிப்பைத் துறையில் உள்ளவர்கள் 'பொருள் அதிகாரம்' என்கிறார்கள். செய்திகளைப் பொறுத்தவரை, எந்தப் பத்திரிகை எந்த விஷயத்தில் தேர்ந்தது என்று கணிக்கும் முறை தன்னிடம் உண்டு என்று கூகிளே 2023 மே மாதம் விளக்கியது.

"அப்படியானால் ஒரே நாளில் ஆயிரம் பக்கம் எழுதித் தள்ளிவிடலாமே!" என்று யாராவது ஆசை காட்டலாம். ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே சத்தில்லாமல் தேடலை ஏமாற்றுவதற்காகக் குவிக்கும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் சரி, யந்திரம் எழுதினாலும் சரி, தண்டிப்போம் என்று 2024 மார்ச்சில் விதி செய்திருக்கிறார்கள். "முதல் இடம் நிச்சயம், பணத்தைக் கொடுங்கள்" என்பவரிடமும் ஜாக்கிரதை! அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகிளே சொல்கிறது.

வடு ஊறுவதற்கும் நாள் பிடிக்கும். பெயர் ஊறுவதற்கும் நாள் பிடிக்கும். இன்று ஒரு கேள்விக்கு உண்மையான பதில் எழுதுங்கள். நாளைக்கு இன்னொன்று. ஜாடியை மட்டும் தினமும் குலுக்க மறந்துவிடாதீர்கள்!