மறைநூலும் திருச்சபையும்: பண்டத்தரிப்பு காட்டும் பாடம்

சமயம் யாதாயினும், ‘இதுவே இறைவன் வாக்கு’ என்று துணிதற்கு ஒரு பிரமாணம் வேண்டப்படும். சுருதி, யுக்தி, அனுபவம் என்னும் மூன்றையும் ஒருங்குவைத்து ஆராய்தல் சைவருக்குப் பழகிய முறை. கிறித்தவத்திலும் இவ்வினா எழுந்தது. அதற்குக் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கூறிய வெவ்வேறு விடைகள் அடுத்தடுத்து நிலவிய ஊர்களுள் ஒன்று வலிகாமத்திலுள்ள பண்டத்தரிப்பு ஆகும்.

1521ஆம் ஆண்டு வோம்ஸ் நகரப் பேரவையில் நின்ற லூத்தர், மறைநூற் சான்றாலோ தெளிந்த நியாயத்தாலோ தம் பிழை காட்டப்பட்டாலன்றித் தம் கூற்றை மீட்க மறுத்தார். பாப்பரசரும் பொதுச்சங்கங்களும் தவறக்கூடும் என்றார். மறைநூலொன்றே இறுதிப் பிரமாணம் என்பது இதன் பயன். திரெந்து நகரப் பொதுச்சங்கமோ, மறைநூலையும் அப்போஸ்தலர்வழி வந்த திருமரபையும் ஒத்த மதிப்புடன் ஏற்கவேண்டுமென்றும், மறைநூலின் மெய்ப்பொருளை நிறுவுதல் திருச்சபைக்கே உரியதென்றும் 1546இல் விதித்தது.

இவ்வேறுபாடு தனிவெளிப்பாடு பற்றிய வழக்கிற் கூர்மையடைகின்றது. காட்சிகளையும் கனவுகளையும் கத்தோலிக்கர் மறைநூலோடு சேர்க்கின்றனர் என்பது தவறான கருத்து. பொதுவெளிப்பாடு அப்போஸ்தலர் காலத்தோடு நிறைவுற்றதென்பது இருசாராருக்கும் பெரும்பாலும் உடன்பாடே. லூர்து நகரில் 1858இல் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட காட்சியை அந்நாட்டு ஆயர் ஆராய்ந்து 1862இல் ஏற்றார். அத்தகைய ஏற்பு விசுவாசிகள் அதனை நம்பலாம் என்னும் இசைவேயன்றி, நம்பியே தீரவேண்டும் என்னும் கட்டளை அன்று. 2024ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட விதிகளும், இத்தகைய நிகழ்ச்சியைத் தெய்விகமென உறுதிகூறாது, ‘தடையில்லை’ என்றளவில் அமைவதையே பொதுவழக்காக்கின.

புரட்டஸ்தாந்தர் இதனையும் ஒப்பார். மறைநூல் போதுமாயின் காட்சி மிகை. மறைநூலுக்கு மாறாயின் அது பொய் என்பது அவர் வாதம். எனினும், பரிசுத்த ஆவி தம்மோடு நேரே பேசுவதாகச் சுவிக்காவு நகரத்தார் சிலர் கூறியபோது, அவர்களை மறுக்கும் பொறுப்பு லூத்தருக்கே வந்தது. மறைநூலைக்கொண்டே மறுத்தார், ஆயின் அந்நூலின் பொருளைத் துணிபவர் யார் என்னும் வினா எஞ்சிநின்றது.

இனிப் பண்டத்தரிப்பை நோக்குவோம். போர்த்துக்கேயர் காலத்தில் இங்கிருந்த கத்தோலிக்க ஆலயம், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கு உரியதாயிற்று. கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டனர். வெளிக்குப் புதிய சபையிற் சேர்ந்தோர் பலர். உள்ளத்தாற் பழைய நெறியைக் காத்தோரும் பலர். 1687இல் கோவாவிலிருந்து இரவலர் கோலத்தில் வந்த யோசேவாஸ் அடிகள், அயலூராகிய சில்லாலையில் தங்கி அவர்களைத் தேற்றினார். அவர் 2015இல் கொழும்பிற் புனிதராக அறிவிக்கப்பெற்றார். குருவின் அதிகாரத்தை வற்புறுத்திய சமயம், ஏறக்குறைய முப்பதாண்டு குருவின்றி, இல்லறத்தார் காத்த மரபினால் நிலைபெற்றமை ஈண்டு கருதத்தக்கது.

1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் அமர்ந்து நோய்தீர்க்கவும் போதிக்கவும் தொடங்கினார். அம்மிஷனில் மேலோங்கிய மரபில் ஆயர் இல்லை. ஒவ்வொரு சபைக்கூட்டமும் தன்னைத்தானே ஆளும். ஆயினும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது, அவர் வழிவந்த யாழ்ப்பாணச் சபையினர் பேராயர் பதவியை ஏற்றனர். சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். அப்பேராயர் சபையின் யாப்புக்கு உட்பட்டவர். தவறா வரம் உடையவரல்லர். ஆயினும் தனித்தனிக் கூட்டங்களை ஒருங்குபிணிக்க ஓர் அதிகாரம் வேண்டுமென்பதை அச்செயல் உணர்த்தியது.

ஆகவே அதிகாரத்தைப் போற்றியவருக்கு மக்களின் உறுதி துணையாயிற்று. தனிமனிதர் மனச்சான்றைப் போற்றியவருக்கு அதிகாரம் தேவையாயிற்று. இவ்வழக்கு அயலார் வீட்டு வழக்கென்று சைவர் ஒதுக்குதலும் இயலாது. கனவிற் கண்ட தெய்வத்துக்கு எழுந்த கோயில்கள் நம்மிடையே பல. கண்டவரின் அனுபவம் மெய்யாயினும், அதனைச் சுருதியோடும் யுக்தியோடும் பொருத்தி அளப்பவர் யார் என்னும் வினா அவ்விடத்தும் எழும். அதனை அஞ்சாது கேட்டலே சமயத்துக்கு அரண்.