பொத்தானுக்காகக் கடலில் இறங்கியவர்களின் ஊர்

மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள புரூமுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேபிள் கடற்கரைக்குத்தான் ஓடுகிறார்கள். 22 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளை மணல், மாலையானால் ஒட்டகச் சவாரி, இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்கும் சூரியன். எனக்கும் அந்தக் கடற்கரை பிடிக்கும். ஆனால் பெர்த்தில் என்னிடம் விசாரிக்கிற நண்பர்களிடம் நான் சொல்வது வேறு. முதலில் ஜப்பானியர் கல்லறைக்குப் போங்கள், ஒட்டகத்தில் அப்புறம் ஏறலாம்.

செம்மண்ணில் வரிசை வரிசையாகக் கற்கள். பல கற்கள் கடற்கரைப் பாறையிலிருந்து எடுத்த கரடுமுரடான கற்கள். மேலே ஜப்பானிய எழுத்து. 700-க்கும் அதிகமான கற்கள், 900-க்கும் அதிகமான மனிதர்கள். அநேகமாக எல்லோரும் சிப்பி எடுக்கக் கடலில் இறங்கியவர்கள். ஜப்பானின் வாகயாமா பகுதி மீனவக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் இதில் நிறையப் பேர். இந்த மனிதர்களை விட்டுவிட்டுப் புரூமைப் பார்த்தால் அது அழகான இன்னொரு கடற்கரை, அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரி. முத்து என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கல்லைக் காலில் கோத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முத்துப்பாரில் இறங்கிய எங்கள் ஊர்ப் பரதவர்கள்தான். மன்னார் வளைகுடாச் சிப்பி சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உள்ளே முத்து இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி, ஓடு இரண்டாம்பட்சம். புரூமில் இது தலைகீழ். அந்தக் கடலின் சிப்பி 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். அதன் ஓட்டின் உட்பக்கம் கனத்துப் பளபளக்கும். லண்டனிலும் நியூயார்க்கிலும் சட்டைப் பொத்தானும் கத்திப்பிடியும் செய்ய அந்த ஓடுதான் வேண்டியிருந்தது. முத்து கிடைத்தால் அதிர்ஷ்டம். ஊரை வளர்த்தது ஓடு.

1883-இல் அரசாங்கம் இதை ஊராக அறிவித்து, அப்போதைய ஆளுநர் ஃபிரெடரிக் புரூமின் பெயரை வைத்தது. அதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே இது யாவுரு மக்களின் நிலம். தொழிலின் ஆரம்பக் காலத்தில் சிப்பி எடுக்க இறக்கிவிடப்பட்டவர்கள் இந்தக் கரையோரப் பழங்குடி மக்கள்தான். பலர் கடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். எந்தக் கவசமும் இல்லாமல், மூச்சை மட்டும் நம்பி மூழ்கினார்கள். பெண்களையும் விடவில்லை. 1871-இலேயே பெண்களை இந்தத் தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், நடந்தது என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம். ரோபக் வளைகுடாக் கரையில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது: வயிற்றில் பிள்ளையோடு ஒரு பழங்குடிப் பெண், கையில் சிப்பியுடன் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறாள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

பிறகு செம்புத் தலைக்கவசமும் கித்தான் உடுப்பும் காரீயம் வைத்த பூட்ஸும் வந்தன. மேலே லக்கர் என்கிற பாய்மரத் தோணியில் இருப்பவர்கள் கையால் பம்பைச் சுற்றிக் காற்று அனுப்ப, கீழே ஒருவர் கடல்தரையில் நடந்து சிப்பி பொறுக்குவார். இன்னும் ஆழத்துக்குப் போக முடிந்தது. அங்கேதான் எமன் காத்திருந்தான். ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு முடங்கும், கால் விழுந்துபோகும், உயிரும் போகும். 1914-ஆம் ஆண்டில் மட்டும் 33 பேர் இந்த நோயில் இறந்தார்கள். புயல்கள் கொண்டுபோனவர்கள் தனிக் கணக்கு.

1910 வாக்கில் ஏறக்குறைய 400 லக்கர்களும் 3,500 பேரும் இந்தக் கடலில் தொழில் செய்தார்கள். ஜப்பானியர், மலாய்க்காரர், சீனர், பிலிப்பினோக்கள், திமோர்த் தீவுக்காரர்கள். இலங்கையின் காலியிலிருந்து வந்த எல்லிஸ் என்பவர், மங்கலான முத்தின் மேல்தோலைப் பக்குவமாக உரித்து ஒளி கொண்டுவருவதில் பேர்போனவராக இருந்தார். 1901-இல் வெள்ளையர் மட்டும் குடியேறலாம் என்ற கொள்கையைச் சட்டமாக்கிய ஆஸ்திரேலியா, புரூமின் சிப்பித் தொழிலுக்கு விலக்குக் கொடுத்தது. இவர்கள் இல்லாமல் தொழில் நடக்காது. 1912-இல் பிரிட்டிஷ் கடற்படையில் பயிற்சி பெற்ற வெள்ளைக்காரர்களை வரவழைத்து இறக்கிப் பார்த்தார்கள். உயிர்ச்சேதமும் நேர்ந்தது, முயற்சியும் தோற்றது. ஆசியர்களின் உயிர் மலிவு என்பதுதான் அந்த விலக்கின் உண்மையான அர்த்தம் என்று நான் நினைக்கிறேன்.

சைனா டவுனில் சன் பிக்சர்ஸ் என்று ஒரு திறந்தவெளித் திரையரங்கம் இருக்கிறது. ஒரு ஜப்பானியக் குடும்பம் கடை வைத்திருந்த கட்டடம் அது. 1916 முதல் படம் ஓட்டுகிறார்கள். உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய திறந்தவெளித் திரையரங்கம் என்ற பெயர் அதற்கு உண்டு. கித்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு படம் பார்க்கலாம். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், நாயகன் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே விமானம் இறங்கும். கூட்டம் கைதட்டும். ஒரு காலத்தில் நல்ல இடமெல்லாம் வெள்ளையருக்கு, மற்றவர்களுக்குத் தனி இடம், தனி வழி. பெரிய ஓதம் வந்தால் அரங்கத்துக்குள் கடல்நீர் புகுந்து எல்லோர் காலையும் நனைக்குமாம். 1970-களில் கரை கட்டிய பிறகுதான் அது நின்றது.

இந்த ஓதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 9 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். தூத்துக்குடியில் ஒரு மீட்டருக்கே நாங்கள் பேசுவோம். வற்றம் மிக அதிகமாக இருக்கும் நாள்களில் டவுன் பீச்சிலிருந்து சேற்றில் ஒரு கிலோமீட்டர் போல நடந்தால், பாசி படிந்த விமானத் துண்டுகள் தெரியும். 1942 மார்ச் 3 காலையில் ஜப்பானிய ஜீரோ விமானங்கள் ரோபக் வளைகுடாவைத் தாக்கின. ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள், தண்ணீரில் இறங்கி நின்ற விமானங்களுக்குள்ளேயே இருந்தன, பெண்கள், குழந்தைகள். பறக்கும் படகுகள் எனப்படும் அத்தகைய 15 விமானங்கள் எரிந்தன. குறைந்தது 88 பேர் இறந்தார்கள். ஊரிலிருந்த ஜப்பானியர்களோ அதற்கு முன்பே சிறை முகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அந்தச் சேற்றில் நடக்கும்போது நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் திரும்பும் வேகம் ஏமாற்றிவிடும்.

போருக்குப் பின் பிளாஸ்டிக் பொத்தான் வந்தது. ஓட்டுக்கு விலை போயிற்று. 1956-இல் வடக்கே குரி வளைகுடாவில் செயற்கையாக முத்து வளர்க்கத் தொடங்கியதால்தான் ஊர் பிழைத்தது. சிப்பிக்குள் கருவை வைத்து முத்தாக்குவதை, ஊருக்கு வெளியே வில்லி க்ரீக் பண்ணையில் காட்டுகிறார்கள். டாம்பியர் டெரஸ் நகைக்கடைகளில் முத்தின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வெளியே வந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச் முதல் அக்டோபர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், வற்றிய சேற்றுப் பரப்பின் மேல் நிலவெழும்போது, தேங்கிய நீரில் ஒளி படிப்படியாக விழும். அதைத்தான் நிலவுக்குப் போகும் படிக்கட்டு என்கிறார்கள். கந்தோம் முனையில் 13 கோடி ஆண்டுப் பழைய டைனோசர் கால்தடங்கள் உண்டு. மிகத் தாழ்ந்த வற்றத்தில்தான் தெரியும். யாவுரு மக்களுக்கு அவை ஈமு மனிதன் மராலா நடந்த தடங்கள். 1889-இல் ஜாவாவிலிருந்து கடலடித் தந்திக்கம்பி வந்து சேர்ந்ததால்தான் கேபிள் கடற்கரைக்கு அந்தப் பெயர். தந்தி நிலையம்தான் இப்போதைய நீதிமன்றக் கட்டடம். சனிக்கிழமை அதன் தோட்டத்தில் சந்தை.

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், அப்போதே போங்கள். மழைக்காலத்தில் வெக்கையும் புயலும். நவம்பர் முதல் மே வரை கடலில் விஷ ஜெல்லி மீன்கள். ஓடைகளில் முதலை உண்டு, எச்சரிக்கைப் பலகையை மதியுங்கள். அறை பதிவு செய்வதற்கு முன்பே ஓத அட்டவணையைப் பாருங்கள். விமானங்களையும் கால்தடங்களையும் காண்பீர்களா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்யும். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், அந்தச் செம்மண் கறை எளிதில் போகாது.