ஊர் ஏறியதா, உங்கள் வீடு ஏறியதா?

‘எங்கள் ஊரில் வரிசையாக மாடி வீடு எழும்புகிறது. நான் இருந்த ஒரு ஏக்கரையும் அடமானம் வைத்துவிட்டேன். விவசாயி வருமானம் கூடிவிட்டது என்கிறார்களே, யாருடைய வருமானம்?’ என்று கேள்வி-பதில் பகுதிக்கு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நாலு வரியில் முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2012-13இல் 6,426 ரூபாய். 2018-19இல் 10,218 ரூபாய். விலைவாசியைக் கழித்தால் கூடியது அவ்வளவு இல்லை. அது ஒருபுறம் இருக்க, இரண்டு முறையும் கேட்டது வேறு வேறு வீடுகளில். சராசரி தெரியும், கீழே இருந்தவர் மேலே வந்தாரா, மேலே இருந்தவர் சரிந்தாரா என்பது தெரியாது. அதற்கு அதே வீட்டுக் கதவை மறுபடி தட்ட வேண்டும்.

அதே ஊருக்குத் திரும்பப் போய்ப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் நூறு வருஷமாக உண்டு. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி போன்ற ஊர்களைத் தம் மாணவர்களைக் கொண்டு கணக்கெடுக்க வைத்தார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1981இல் அடையாறு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குஹன், ஜோன் மென்ஷருடன் சேர்ந்து மறுஆய்வு செய்தார். 2008இலும் ஆய்வாளர்கள் போனார்கள். பெரிய நிலக்காரரின் பிடி தளர்ந்ததையும், கூலி வேலை செய்தவர்கள் வெளி வேலைக்குப் போனதையும் பதிவு செய்தார்கள். ஆனால் அது ஊரின் கதை. ஒவ்வொரு வீட்டையும் விடாமல் தொடர்ந்தது உத்தரப்பிரதேசத்தின் பாலன்பூரில், 1957-58 முதல். அங்கே வெளி வேலை கிடைத்த ஏழைகள் சிலர் ஏறினார்கள்; வீட்டுக்கு வீடு இடைவெளியும் கூடியது.

அளக்கும் முறை சிரமமில்லை. ஊரில் 100 வீடு என்றால் வருமானப்படி வரிசையில் நிறுத்தி, இருபது இருபதாக ஐந்து படி பிரிக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அதே வீடுகளை மறுபடி நிறுத்தினால், யார் எந்தப் படிக்குப் போனார் என்று தெரிந்துவிடும். பக்கத்து வீடு வேகமாக ஏறினால், கையில் காசு கூடியும் உங்கள் படி இறங்கலாம்.

விவசாயியிடம்தான் இந்தக் கணக்கு தடுமாறும். தக்காளி விலை ஏறிய வருஷம் கேட்டால் நீங்கள் மேல்படி. ரோட்டில் கொட்டிய வருஷம் கேட்டால் அடிப்படி. அதை ஏற்றமென்றும் வீழ்ச்சியென்றும் எழுதினால் தப்பு. மூன்று நான்கு வருஷச் சராசரி வேண்டும். இன்னொன்று, திருப்பூருக்குக் குடிபோனவர் வீடு பூட்டியிருந்தால் அவர் கணக்கிலேயே இல்லை. அப்படிப் போனவர்களில்தான் அதிகம் ஏறியவரும் அதிகம் நொடிந்தவரும் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இது ஆய்வாளர் சமாசாரம் மட்டுமில்லை. 2016இல் தொடங்கிய பிரதமர் வீடு கட்டும் திட்டத்துக்கு 2011 கணக்கெடுப்பைத்தான் அடிப்படையாக எடுத்தார்கள். இடையில் நொடித்துப்போனவர் அந்தப் பட்டியலில் எப்படி இருப்பார்? விடுபட்டவர்களுக்காகப் பிறகு தனிப் பட்டியல் எடுக்க வேண்டி வந்தது.

கணக்கெடுப்பாளர் வந்தால், போன போக விளைச்சலை மட்டும் சொல்லாதீர்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்த நெல், பால் பணம், நூறு நாள் வேலைக் கூலி, பிள்ளைகள் அனுப்பும் பணம், கடன் வட்டி எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் போகத்துக்குப் போகம் குறித்து வைத்தால், நாலாவது வருஷம் உங்கள் வருமானம் ஏறியதா இறங்கியதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.