'ஆல் பாஸ்' போட்டா முடிஞ்சது! பேரூராட்சி கூட்டத்தில் என்னதான் நடக்குது?

மாதா மாதம் பேப்பரில் வருகிற செய்திதான். "பேரூராட்சி சாதாரண கூட்டம் நடந்தது. தலைவர் தலைமை தாங்கினார். துணை தலைவர் முன்னிலை வகித்தார். செயல் அலுவலர் வரவேற்றார். கூட்டத்தில் பல்வேறு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன."

இதை எழுதுகிற நிருபர்களில் நானும் ஒருத்தன். யாரும் படிக்க மாட்டாங்கன்னு எழுதும்போதே தெரியும். ஆனால் அந்த "பல்வேறு தீர்மானங்கள்" என்ற ரெண்டு வார்த்தைக்குள்ளதான் உங்க தெரு விளக்கு, குடிநீர் கட்டணம், வீட்டு வரி, வாரச்சந்தையில் கூடைக்கு வாங்குற சுங்கம் எல்லாமே அடங்கி கிடக்கு.

சில வருஷத்துக்கு முன்னால நடந்த சங்கதி. ஊர் பேர் வேண்டாம். கடைசி தெருவுக்கு குடிநீர் குழாய் இல்லை. அந்த வார்டு பெண்கள் காலி குடத்தோடு பேரூராட்சி ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு உள்ளே மன்ற கூட்டம். வார்டு உறுப்பினர் எழுந்து மேஜையை தட்டி பேசினார். "குழாய் போடாவிட்டால் ராஜினாமா செய்வேன்" என்றார். தலைவரும் "சீக்கிரம் போட்டு தருகிறோம்" என்று வாக்குறுதி கொடுத்தார். கைத்தட்டல். பெண்கள் கலைந்து போனார்கள். நான் "கூட்டத்தில் காரசார விவாதம்" என்று செய்தி அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்து அந்த பக்கம் போனேன். குழாய் இல்லை. ஒரு அம்மா பிடிச்சுக்கிட்டாங்க. "நீங்கதானே தம்பி பேப்பர்ல போட்டீங்க, எங்க குழாய்?" என்றார். பதில் சொல்ல முடியல. ஆபீசில் போய் கேட்டேன். அங்கே இருந்த உதவியாளர் தீர்மான புத்தகத்தை எடுத்து அந்த தேதியை காட்டினார். குழாயை பற்றி ஒரு வரி கூட இல்லை. அன்றைக்கு நடந்த சத்தம், கைத்தட்டல், வாக்குறுதி எதுவுமே புத்தகத்தில் ஏறவில்லை. "பொருள் வைக்கலையே சார். பேசினது பேச்சு. பொருளா வந்து தீர்மானம் ஆனாத்தான் நாங்க வேலை எடுக்க முடியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பொருள் என்றால் என்ன?

கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்கு ஒரு கட்டு பேப்பர் வீட்டுக்கு வரும். அதற்கு பேர் பொருள் நிரல். எந்த தேதி, எத்தனை மணி, என்னென்ன விஷயம் பேச போகிறார்கள் என்று வரிசையா நம்பர் போட்டு இருக்கும். பொருள் எண் 1, 2, 3 என்று போகும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலக குறிப்பு. கடைசியில் "மன்றம் அனுமதிக்கலாம்" என்று ஒரு வரி. கூட்டத்தில் உதவியாளர் இதை கடகடன்னு வாசிப்பார். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதி கையெழுத்து வாங்கிடுவாங்க. இதுதான் தீர்மானம்.

பொருளை தயார் பண்றது செயல் அலுவலரும் ஆபீஸ் ஊழியர்களும். வைக்கிறது தலைவர் ஒப்புதலோடு. கவுன்சிலர்கள் பார்ப்பதே கட்டு கைக்கு வந்த பிறகுதான்.

சில ஊர்களில் முப்பது, நாற்பது பொருள் இருக்கும். ஐந்தாவது பொருள் தாண்டுவதற்குள் பின்னால் இருந்து ஒரு குரல் வரும், "ஆல் பாஸ்!" அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் வாசிக்காமலே நிறைவேறிடும். காபியும் வடையும் வந்துடும். நான் பார்த்ததில் கால் மணி நேரத்தில் முடிந்த கூட்டமும் உண்டு.

மூணு வார்த்தையை தெரிஞ்சுக்கோங்க

பொருள் நிரலை கையில் எடுத்தா மூணு வார்த்தை திரும்ப திரும்ப வரும். முதலாவது "பார்வைக்கு". அரசு உத்தரவு, கலெக்டர் கடிதம், மாத வரவு செலவு இதெல்லாம் பார்வைக்கு வரும். இதில் பெருசா சண்டை வராது. ஆனால் வரவு செலவு பட்டியலை மட்டும் ஒரு தடவை கண்ணால் பார்த்தாலே பல விஷயம் புரியும்.

ரெண்டாவது "அனுமதிக்கு". இனிமேல் செய்ய போகிற வேலை. பேவர் பிளாக் போடுறது, வாய்க்கால் கட்டுறது, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை ஏலம், சந்தை குத்தகை. டெண்டரில் யார் குறைச்சு கேட்டாங்க, யாருக்கு கொடுக்குறாங்க என்பதும் இப்படித்தான் வரும்.

மூணாவதுதான் விஷயமே. "பின்னேற்பு". அதாவது வேலை முடிஞ்சாச்சு, பணமும் செலவாச்சு, இப்போ மன்றம் சம்மதம் சொல்லணும். இது தேவையில்லாததுன்னு சொல்ல முடியாது. நடு ராத்திரி மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா காயில் கட்ட கூட்டம் கூடுற வரைக்கும் ஊர் தண்ணி இல்லாம இருக்க முடியுமா? மழைக்காலத்தில் அவசரமா ஜே.சி.பி. வைத்து வாய்க்கால் தூர் வாரணும், பிளீச்சிங் பவுடர் வாங்கணும். நியாயம்தான். ஆனால் மாதத்துக்கு மாதம் அதே மோட்டார், அதே காயில், அதே பிளீச்சிங் பவுடர் என்று பின்னேற்பு வந்துகிட்டே இருந்தா அதை கேட்க வேண்டியது உங்க வார்டு உறுப்பினர் வேலை. "எந்த மோட்டார், எந்த தேதி, பில் எங்கே?" என்று மூணு கேள்வி. ஆல் பாஸ் போட்டால் அந்த கேள்விக்கு இடமே இல்லை.

வெளிநடப்பு செய்தால் என்ன ஆகும்?

பேப்பரில் பெருசா வருவது வெளிநடப்புதான். தீர்மான நகலை கிழிக்கிறது, தரையில் உட்கார்றது, கருப்பு துணி. போட்டோவுக்கு நல்லா இருக்கும், நாங்களும் போடுவோம். ஆனால் வெளியே போனவர் ஓட்டும் வெளியே போய்டுது. உள்ளே இருக்கிறவங்க போதுமான எண்ணிக்கையில் இருந்தா தீர்மானம் நிறைவேறிடும். 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்று விதி. 15 வார்டு உள்ள ஊரில் 5 பேர் உட்கார்ந்தாலே போதும். பேரூராட்சிகளுக்கும் ரொம்ப காலம் அந்த சட்டம்தான். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதிதான் 1998-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் புது விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. 25 வருஷம் பழைய சட்டத்திலேயே ஓட்டியிருக்கோம்.

வெளிநடப்பை விட பலமானது, உள்ளேயே உட்கார்ந்து "இந்த பொருளுக்கு எனக்கு ஆட்சேபணை, பதிவு செய்யுங்கள்" என்று கேட்பது. அது புத்தகத்தில் ஏறும். நாளைக்கு ஆடிட்டில் வரும், கோர்ட்டில் வரும்.

வீட்டு வரி எப்படி ஏறியது?

இதுக்கு நல்ல உதாரணம் 2022. அந்த வருஷம் பிப்ரவரி 19-ந்தேதி நகர்ப்புற உள்ளாட்சி தேர்தல். 490 பேரூராட்சிகளில் 7,621 வார்டுகளுக்கு தேர்தல் அறிவித்தார்கள். மார்ச் 2-ந்தேதி எல்லாரும் பதவி ஏற்றார்கள். 4-ந்தேதி தலைவர், துணை தலைவர் தேர்தல். மாலை வாடறதுக்குள்ள, ஏப்ரல் மாதம் பிறக்கும்போதே சொத்து வரி உயர்வு வந்து விட்டது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதுக்கு மேல் 100 சதவீதம்.

புரியுற மாதிரி சொன்னா, அரை வருஷத்துக்கு 200 ரூபாய் கட்டிய 550 சதுர அடி ஓட்டு வீட்டுக்காரர் 250 கட்டணும். 400 கட்டிய 1,000 சதுர அடி வீட்டுக்காரர் 600 கட்டணும்.

முடிவு எடுத்தது கோட்டையில். 15-வது நிதி ஆணையத்தின் மானியம் வேணும்னா சொத்து வரியை சீரமைக்கணும் என்பது நிபந்தனை என்று அரசு காரணம் சொன்னது. ஆனால் ஊரில் அது அமலுக்கு வர மன்ற தீர்மானம் வேணும். புதுசா ஜெயித்து வந்தவங்க, நிறைய பேர் முதல் தடவை கவுன்சிலர் ஆன பெண்கள், எதிரே வந்த முதல் பெரிய பொருளே இதுதான். பல ஊர்களில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஆட்சேபணை இருந்தா 30 நாளில் எழுதி கொடுக்கலாம் என்று அறிவிப்பும் வந்தது. உங்க தெருவில் யாராவது எழுதி கொடுத்தாங்களா? நான் கேட்டு பார்த்த வரைக்கும் அப்படி ஒரு அறிவிப்பு வந்ததே தெரியாதுன்னுதான் சொன்னாங்க.

அதுக்கு முந்தின கதை இன்னும் மோசம். 2016 அக்டோபரில் உள்ளாட்சி பதவிக்காலம் முடிந்து, 2022 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு மேல் பேரூராட்சியில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்தான். பொருள் வைக்கிறதும் அவரே, தீர்மானம் போடுறதும் அவரே. 2018-ல் சொத்து வரியை ஏற்றியது அந்த காலத்தில்தான். எதிர்ப்பு பலமா வந்து 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். கேள்வி கேட்க ஊரில் ஒரு உறுப்பினர் கூட இல்லாத அந்த நாளை நினைச்சு பார்த்தா, ஆல் பாஸ் போடுற கவுன்சிலர் கூட தேவலாம்னு தோணும்.

கிராம சபை நமக்கு இல்லை

பக்கத்து ஊராட்சிக்காரர் கிராம சபையில் எழுந்து நின்று தலைவரை கேள்வி கேட்கலாம். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. 2004-ல் நிறைய பேரூராட்சிகளை சிறப்பு கிராம ஊராட்சி என்று மாற்றினார்கள். 2006-ல் திரும்ப பேரூராட்சி ஆக்கிட்டாங்க. நகர்ப்புறத்துக்கு கிராம சபை மாதிரி ஏரியா சபை என்று ஒன்றை 2022 நவம்பர் 1-ந்தேதி தொடங்கினார்கள். அப்போது முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்து கொண்டார். சின்ன ஊர்களில் அது கிராம சபை அளவுக்கு பழக்கமாகவில்லை.

மன்ற கூட்டத்தை பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம், பேச முடியாது. அந்த 1920 சட்டமே கூட்டம் பொதுமக்களுக்கு திறந்தது என்றுதான் சொன்னது. இடம் இல்லைன்னு சொல்லி வாசலில் நிறுத்துவாங்க. நின்னு பாருங்க. ரெண்டு பேர் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சாலே உள்ளே ஆல் பாஸ் சத்தம் கொஞ்சம் குறையும். இது என் அனுபவம்.

அப்போ பேச்சு உரிமை யாருக்கு? உங்க வார்டு உறுப்பினருக்கு மட்டும்தான். பேரூராட்சி உறுப்பினருக்கு மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய், தலைவருக்கு 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் இருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரிய பணம் இல்லைதான். ஆனாலும் பொருள் நிரலை கூட்டத்துக்கு முதல் நாள் தெருவில் நாலு பேருக்கு காட்டுங்கன்னு அவரிடம் கேட்கலாம், அது ஒண்ணும் ரகசியம் இல்லை.

கூட்டம் முடிந்த பிறகு தீர்மான நகல் வேணும்னா தகவல் உரிமை சட்டம் இருக்கு. வெள்ளை தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, பொது தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம் என்று தபாலில் போடுங்கள். எந்த தேதி கூட்டம், எந்த பொருள் என்று குறிப்பா கேளுங்க. "எல்லா தீர்மானமும் வேணும்" என்று கேட்டால் கட்டு கட்டா பக்கம் கணக்கு போட்டு பணம் கேட்பாங்க. 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா மேல்முறையீடு. வேலை நடந்த இடத்தையும் பைலையும் நேரில் பார்க்க கேட்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கு.

அந்த கடைசி தெருவுக்கு வருவோம். புத்தகத்தில் இல்லை என்று தெரிந்ததும் அந்த அம்மா சும்மா இருக்கல. தெருவில் முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்து, மனு ரசீதையும் கேட்டு வாங்கினார். அதன் நகலை வார்டு உறுப்பினர் கையில் கொடுத்து, "அடுத்த கூட்டத்துக்கு இதை பொருளா வைக்க சொல்லி நீங்களும் எழுதி கொடுங்க" என்றார். ராஜினாமா பண்ணுவேன்னு சொன்ன அதே உறுப்பினர்தான். எழுதி கொடுத்தார். அடுத்த மாதம் வரலை. அதற்கு அடுத்த மாதம் பொருள் எண் 17-ஆ வந்தது. அன்றைக்கு மேஜையை யாரும் தட்டல. உதவியாளர் வாசித்தார், அனுமதிக்கப்பட்டது. நான் கூட அதை செய்தியில் தனியா எழுதல, "பல்வேறு தீர்மானங்கள்" என்றுதான் போட்டேன்.

நாலு மாதத்தில் குழாய் போட்டுட்டாங்க. தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருதாம். அதுக்கு இன்னொரு மனு எழுதிக்கிட்டு இருக்காங்க.