சோதனையே இல்லாத வெற்றி

எங்கள் ஆய்வுக்கூடக் கருவி நாள்தோறும் புதிய அளவீட்டுக் கோப்புகளைத் தருகிறது. என் நிரல் அவற்றைப் பிழையின்றிப் படிக்கிறதா? கோப்புக்கொரு சோதனையைக் கையால் எழுதி மாளாது. ஆகவே, பைத்தானின் ‘யூனிட்டெஸ்ட்’ துணைகொண்டு, ஓடும்போதே கோப்புகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையைப் படைத்து, ‘டெஸ்ட்சூட்’ என்னும் தொகுப்பில் சேர்த்து இயக்கினேன்.

ஒரு வாரம் ‘ஓகே’ என்றே விடை வந்தது. பிறகன்றோ உண்மை விளங்கியது! தேட வேண்டிய பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டியிருந்தேன். கோப்பும் சிக்கவில்லை, சோதனையும் பிறக்கவில்லை. தவறாகப் படித்த எண்களோ ஆய்வேட்டு வரைபடத்தில் ஏறிவிட்டன.

2023-இல் வந்த பைத்தான் 3.12, சோதனை ஏதும் ஓடாவிடில் ‘ஓகே’ என்னாமல், சோதனை எதுவும் ஓடவில்லை என்றே அறிவிக்கிறது. எங்கள் கணினியில் இருந்ததோ பழைய பதிப்பு. இப்போது சோதனைகளின் எண்ணிக்கையை முதலில் சரிபார்க்கிறேன். நண்பர்களே, எண்ணிப் பார்த்தபின் நம்புங்கள்!