அப்பா எஃப்.எம்.மில் ஒரு வண்டு!

"டேய், உன் ரேடியோ ஸ்டேஷன்ல வண்டு புகுந்திருச்சுடா!"

கட்டிலில் இருந்து அப்பா குரல் கொடுத்தார். நிஜம்தான். அம்மா பேசுகிறாள், அம்மாவுக்கு மேல் 'உர்ர்ர்ர்...' என்று எதுவோ பேசுகிறது!

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா சவுதியில் இருந்தபோது, 1996-ல், அம்மா திருமங்கலத்தில் இருந்து ஒரு கேசட் முழுக்கப் பேசி, லீவு முடிந்து திரும்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். அந்தக் காலத்தில் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தால் பேச வந்ததே மறந்து போகும். கேசட்டில் பேசினால் மீட்டர் கிடையாது!

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. கேசட் இருக்கிறது. அதைப் பதிவு செய்த டூ-இன்-ஒன்னும் இருக்கிறது. ஆனால் அதில் 'டூ' போய் 'ஒன்'தான் பாக்கி. டேப் ஓடாது, ரேடியோ மட்டும் கணீரென்று பாடும். கேசட்டை ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்து செல்போனுக்கு மாற்றிக்கொண்டேன். அப்பா இயர்போனைத் தொட மாட்டார். "காதுக்குள்ள பல்லி போன மாதிரி இருக்கு" என்பார். போன் ஸ்பீக்கரில் போட்டால், "இது உங்கம்மா குரலே இல்லை" என்று ஒரே போடு.

அப்புறம்தான் அந்த யோசனை. காரில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுவார்களே, குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், அதில் ஒன்றை மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன். வீட்டில் காரும் இல்லை, ஓட்டையும் இல்லை. பழைய 12 வோல்ட் அடாப்டரில் இணைத்தேன். போனில் இருந்து ஒரு ஒயர். டூ-இன்-ஒன்னில் முள்ளைத் திருப்பினால்... அம்மா! கூடவே வண்டு.

நான் பி.காம். மின்சாரம் என்றால் எனக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வரும் பில். அவ்வளவே. ஆனால் கணக்கு டாலி ஆகாவிட்டால் ஒவ்வொரு என்ட்ரியாக டிக் அடித்துப் பார்க்கத் தெரியும். அதைத்தான் செய்தேன்.

எஃப்.எம்.மில் இரைச்சலே வராது என்றுதானே சொல்வார்கள்? பழைய மீடியம் வேவ் ரேடியோவில், டியூப்லைட் போட்டால் 'படபட', இடி இடித்தால் 'கரகர'. அந்தத் தொல்லையெல்லாம் அலையின் உயரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் பாட்டை அலையின் உயரத்தில் ஏற்றாமல் அதிர்வெண்ணில் ஏற்றினார். 1933-ல் காப்புரிமையும் வாங்கினார். உயரத்தில் ஒட்டியதை ரேடியோ சீவித் தள்ளிவிடும். ஆனால் டிரான்ஸ்மிட்டரே உறுமினால்? அந்த உறுமலும் பாட்டோடு சேர்ந்து அதிர்வெண்ணில் ஏறிவிடும். ஆம்ஸ்ட்ராங்கே வந்தாலும் ரேடியோ பக்கம் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் சந்தேகம் அடாப்டர் மேல். நம் கரன்ட் நொடிக்கு 50 தரம் ஆடுகிறது. அதை டி.சி.யாக்கும்போது சரியாக வடிகட்டாவிட்டால் 100 தரம் ஆடும் உறுமலாக மிஞ்சும். "உள்ளே கன்டென்சர் காய்ஞ்சிருக்கும் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன் போனில். அடாப்டரைக் கழற்றி ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். வண்டு முக்கால்வாசி செத்தது!

மிச்சம் ஒரு 'கீய்ய்ய்'. அது செல்போன் சார்ஜர். பாடிக்கொண்டே சார்ஜும் ஏறட்டுமே என்று விட்டிருந்தேன். ஆசை! சார்ஜரைப் பிடுங்கினேன், கீச்சு போச்சு.

அடுத்து குரல் உயர்கிற இடத்திலெல்லாம் ஒரு 'கரகர'. போனில் வால்யூம் உச்சத்தில் இருந்தது. டிரான்ஸ்மிட்டரின் வாயில் கொள்கிற அளவுதான் ஊட்ட வேண்டும். அதற்காக ரொம்பக் குறைத்தும் வைக்கக் கூடாது. பிறகு ரேடியோவைக் கூட்ட வேண்டி வரும், 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து கூடும். முக்காலில் நிறுத்தினேன்.

வானத்திலும் இடம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். மதுரை வானொலிக்கு 103.3. கொடைக்கானல் மலை உச்சியில் இருந்து 100.5. அவர்கள் பக்கத்தில் துண்டு விரித்தால் நம்மை நசுக்கிவிடுவார்கள். எஃப்.எம்.மில் ரெண்டு பேர் ஒரே இடத்தில் பேசினால் பலசாலி மட்டும்தான் கேட்பான், மற்றவன் காணாமல் போவான். (ஆபீஸ் மீட்டிங் மாதிரி!) எதுவும் கேட்காத ஒரு காலி இடமாகத் தேடி நகர்ந்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரு முழம் ஒயரை ஏரியலாக் கட்டுங்க, பிரமாதமா இருக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டேன். கட்டியதும் 'ஊஊஊ' என்று ஊளை. டிரான்ஸ்மிட்டரின் அலையே திரும்பி வந்து பாட்டு ஒயரில் புகுந்துகொள்கிறது. அது போதாதென்று, சோதனைக்கு நான் போட்ட பழைய பாட்டெல்லாம் முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். "தம்பி, புதுசா ஒரு ஸ்டேஷன் வந்திருக்கு. விளம்பரமே இல்லை. உங்க ரேடியோவுல எடுக்குதா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மாவின் கேசட்டைப் போட்டிருந்தால் தெருவே கேட்டிருக்கும்!

இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. பீகாரில் மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மஹதோ என்ற இளைஞர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஐம்பது ரூபாய் செலவில் தானே ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்து, மூங்கில் கம்பத்தில் ஏரியலைக் கட்டி, 2003-ல் 'ராகவ் எஃப்.எம்.' தொடங்கினார். பாட்டு, ஊர்ச் செய்தி, எல்லாம் இலவசம். ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். 2006-ல் அரசாங்கம் வந்து மூடிவிட்டது. லைசென்ஸ் இல்லை! அப்படி ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாதாம். எனக்குத் தெரியும். அதனால் சாக்குச் சொல்ல வழியில்லை. ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அப்பா கட்டிலுக்கு அடியிலேயே வைத்தேன். நாலடி போனால் போதும்.

இப்போது பாட்டுப் போட்டால் பளிங்கு. சுத்தமோ சுத்தம். அப்பாவைக் கூப்பிட்டு, பெருமையாக அம்மாவின் கேசட்டைப் போட்டேன்.

'உர்ர்ர்ர்...'

தலையில் கை வைத்துக்கொண்டேன். பாட்டில் இல்லை, அம்மாவிடம் மட்டும் இருக்கிறது. கணக்கில் இப்படி மிஞ்சுவதை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே எங்கே போவது? மறுபடி மெக்கானிக் அண்ணன்தான். "போன்லயே இயர்போன் மாட்டிக் கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை! மூல வவுச்சரைப் பார்க்காமல் மூன்று நாளாக லெட்ஜரைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மாட்டிக் கேட்டேன். அங்கேயும் உர்ர்ர். டிரான்ஸ்மிட்டர் நிரபராதி. சத்தம் கேசட்டிலேயே இருக்கிறது.

"பரவாயில்லைப்பா. கம்ப்யூட்டர்ல போட்டா இந்த இரைச்சலை மட்டும் தனியா எடுத்துரலாம். ராத்திரி உட்கார்ந்து..."

"எதை எடுப்ப?"

"அந்த வண்டு சத்தத்தைத்தான்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். ரேடியோ பக்கம் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"டேய், வண்டு இல்லைடா இது. நம்ம கிரைண்டர். நான் அனுப்பின மொதோ சம்பளத்துல வாங்கினது. மாவாட்டிக்கிட்டே பேசியிருக்கா. அங்கிட்டு ரூம்ல எட்டுப் பேர் படுத்திருப்போம். இதைப் போட்டாலே, 'என்னப்பா, உங்க வீட்டுல நாளைக்கு இட்லியா'ன்னு கேப்பானுக. அதுல கை வைக்காத."

நான் ஒன்றும் பேசவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல கிரைண்டர் நிக்கும். நின்னதும் நீ மாவுல கை விட்டதுக்கு உன்னைத் திட்டுவா பாரு. வால்யூமை வை."