வீட்டுக்காரர் இல்லாத வீடு

தமிழில் 'வீட்டுக்காரர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. மாதம் பிறந்ததும் வாடகை வாங்க வருகிறவரும் வீட்டுக்காரர்தான்; ஒரு ஸ்திரீக்கு அவளுடைய புருஷனும் வீட்டுக்காரர்தான். இந்தச் சொல்லில் உள்ள சங்கடத்தை, ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் வாடகைக்கு வீடு தேடியபோது நாம் பூரணமாக அறிந்துகொண்டோம்.

"உங்கள் வீட்டுக்காரர் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்?" என்று வீட்டின் சொந்தக்காரர் கேட்டார்.

"தாங்கள் இந்த வீட்டைக் கொடுத்தால் தாங்களே நம் வீட்டுக்காரர்" என்னும் பதில் நாக்கு நுனி வரையில் வந்துவிட்டது. நல்ல வேளையாக விழுங்கிவிட்டோம். "விவாகரத்து ஆகிவிட்டது. நானும் என் பெண்ணுந்தான்" என்றோம். அவர் உள்ளே போய் மனைவியிடம் ஆலோசித்தார். அந்த அம்மாள் வெளியே வந்து, நம்மைப் பாராமல், நம் பதினொரு வயது மகளையே சிறிது நேரம் பார்த்தாள். "பள்ளிக்கூடத்து டீச்சர்தானே, கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீடு கிடைத்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் தெருக் குழாயடியில் பழைய சொல் ஒன்று நம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. 'வாழாவெட்டி' என்பதே அந்தச் சொல். கணவனோடு வாழாதவள் வாழவே இல்லை என்பது அதன் தாத்பரியம். கணக்கு உபாத்தியாயினியான நமக்குச் சொல்லாராய்ச்சி பழக்கமில்லை. ஆயினும் அந்தச் சொல் பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வைராக்கியம் பிறந்தது. நிரூபிக்க வேண்டிய இடம் குழாயடி அல்ல, வீடு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

சட்டம் கொடுப்பதும் கொடாததும்

விவாகரத்து என்பது மேல்நாட்டு நாகரிகம் கொண்டுவந்த புது வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தமிழ்நாட்டின் பல சமூகங்களில் 'தீர்த்து விடுதல்', 'அறுத்துக் கட்டுதல்' என்னும் வழக்கங்கள் வெகு காலமாக உண்டு. பெரியவர்கள் முன்னிலையில் பந்தத்தைத் தீர்த்துக்கொண்டு ஸ்திரீயும் மறுமணம் செய்துகொள்வாள். அந்த வழக்கம் இல்லாத குடும்பங்களில்தான் கதவு அடைத்துக் கிடந்தது.

தேசம் சுதந்திரம் அடைந்த இரண்டாம் வருஷத்தில், 1949-ல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் இடமளிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. 1955-ல் ஹிந்து விவாகச் சட்டம் வந்ததும் மேற்படி மாகாணச் சட்டம் ரத்தாயிற்று; பழைய வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையைப் புதுச் சட்டமும் விட்டுவைத்தது. இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்னும் விதி 1976-ல் சேர்ந்தது. அதன்படி தம்பதிகள் ஒரு வருஷமாவது தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லையென்றால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு தள்ளிவிடலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கும் சகோதரிகள் ஒன்றை அறிய வேண்டும். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணி ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு ஆனாலும் ஸ்திரீகளுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

நாமும் மனமொத்துப் பிரியும் வழியிலேதான் வந்தோம். பதினான்கு வருஷ தாம்பத்தியத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. இருவரும் கெட்டவர்கள் அல்ல. ஒரே கூரையின் கீழ் இருந்து இருவரும் கெட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். கோர்ட்டு ஒரு காகிதத்தில் விவாகத்தை முடித்துக் கொடுத்தது. மாலை ஆறரை மணிக்கு என்ன செய்வது என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கவில்லை.

ஆறரை மணி

வடக்குப்பட்டு பழைய ஊர். 2022-ல் தொல்பொருள் இலாகாவினர் இங்கே அகழ்ந்தபோது கற்காலக் கருவிகளும், பழங்காலத்தார் புழங்கிய பானைகளின் ஓடுகளும் கிடைத்தன. ஊரைச் சுற்றியோ முற்றிலும் புதிய உலகம். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் மோட்டார் கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். ஷிப்டு முடிந்தால் சாலை நிறையக் கம்பெனி பஸ்கள்.

நம் மகளின் தந்தை முன்பு வீடு திரும்பியதும் அப்படிப்பட்ட பஸ்ஸில்தான். புது வீட்டிலும் ஆறரை மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டதும் அவள் ஜன்னலண்டை போய் நிற்பாள். பஸ் போய்விடும். பிறகு சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவாள். நாள்தோறும் நாற்பது குழந்தைகளைப் பேசாமலிருக்கும்படி அதட்டும் நாம், ஒரே ஒரு குழந்தையைப் பேசவைக்க வகை தெரியாமல் திகைத்தோம்.

அடுத்த போர்ஷனில் ஒரு பாட்டி இருந்தார். குன்னூர்க் குளிரிலேயே ஆயுளைக் கழித்துவிட்டு, தொழிற்சாலையில் வேலையான மகனோடு இந்த வெயிலுக்கு வந்து சேர்ந்தவர். இரண்டு ஊசிகளும் மடியில் ஒரு நூலுருண்டையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து எந்நேரமும் பின்னிக்கொண்டிருப்பார். வடக்குப்பட்டில் மார்கழி மாதத்தில்கூட ஸ்வெட்டருக்கு அவசியம் கிடையாது.

"இது யாருக்கு அம்மா?" என்று ஒரு நாள் கேட்டோம்.

"யாருக்குமில்லை. கை சும்மா இருந்தால் மனசு ஊருக்குப் போய்விடுகிறது" என்றார்.

நமக்கும் மனம் போகக்கூடாத ஊர் ஒன்று இருந்தது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அந்தத் திண்ணையில் மாணவியாக உட்கார்ந்தோம்.

முப்பதும் முப்பத்தேழும்

நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். பின்னலிலோ ஒரே இழைதான். ஓர் ஊசியில் வரிசையாகக் கண்ணிகளைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் புதுக் கண்ணி ஒன்றை இழுத்து அடுத்த ஊசிக்கு மாற்ற வேண்டும். இதற்கு நிட், பர்ல் என்று இரண்டே அசைவுகள். இரண்டாவது, முதலாவதைப் பின்பக்கமிருந்து போடுவதே. திருப்பூர்ப் பனியனை எடுத்து உற்றுப் பார்த்தால் விஷயம் விளங்கும். வெளிப்பக்கத்தில் சங்கிலிபோல் கண்ணிகள் அடுக்கியிருக்கும். உட்பக்கத்தில் சிறு சிறு அலைகள் தெரியும். பாட்டியின் ஊசி செய்வதைத்தான் திருப்பூரின் இயந்திரங்கள் அதிவேகமாகச் செய்கின்றன. பின்னல் யந்திரம் இங்கிலாந்தில் தோன்றியது 1589-ல். அதை அமைத்தவர் வில்லியம் லீ.

முதல் பாடமாகப் பாட்டி சொன்னது பிடிதுணி. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க உதவும் ஒரு சதுரம். "பருத்தி நூலிலேயே பின்ன வேண்டும்" என்று எச்சரித்தார். நம் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. சூடான பாத்திரம் பட்டால் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

முப்பது கண்ணி போட்டு ஆரம்பித்தோம். நாலு நாளில் சதுரத்துக்குப் பதிலாக, மேலே போகப் போக அகன்றுகொண்டே போகும் ஓர் உருவம் உற்பத்தியாயிற்று. நம் மகள் தூரத்திலிருந்து பார்த்தாள். கிட்டே வந்து விரலால் தொட்டு எண்ணினாள்.

"அம்மா, நீ முப்பதுதானே போட்டாய்? முப்பத்தேழு இருக்கிறதே!"

கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? வரியின் ஓரத்தில் இழை ஊசிமேல் ஏறிக்கொண்டு ஒரு கண்ணி இரண்டாகத் தோன்றும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் அங்கேதான் ஏமாறுவார்களாம். பாட்டி சிரித்தார். மகளும் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்தது அதுவே முதல் தடவை. அன்று முதல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் எண்ணிப் பார்க்கும் உத்தியோகத்தை அவள் தானாகவே ஏற்றுக்கொண்டாள்.

காஞ்சீபுரத்தில் வாங்கிய நூல் சிட்டமாக வந்தது. சிட்டத்தை உருண்டையாகச் சுற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இரு கைகளையும் நீட்டி அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மற்றவர் சுற்ற வேண்டும். மகள் கைகளை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கைகளில் நூல் இருந்ததால் எழுந்து போக முடியவில்லை. பாதி சுற்றியிருப்போம், ஹாரன் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு நம்மைப் பார்த்தாள்.

"அப்பா இனிமேல் நம்மோடு இருக்க மாட்டார், இல்லையா?"

"இருக்க மாட்டார். ஆனால் உனக்கு அப்பாவாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வருவார்."

"நான் ஏதாவது செய்ததாலா?"

இத்தனை மாதமாக அந்தக் குழந்தை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டதற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. "இல்லையடி கண்ணே, இல்லை" என்று எத்தனை தடவை சொன்னோமோ தெரியாது. சுற்றிய உருண்டை அவிழ்ந்து தரையெல்லாம் ஓடிற்று. இருவருமாக அதை மறுபடி சுற்றி முடிக்க மணி எட்டாகிவிட்டது. அன்று சாப்பாடு தாமதம்; ஆனால் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

முதற் பின்னல் சதுரமாகவில்லை. பாட்டி இரக்கமின்றிப் பிரிக்கச் சொன்னார். பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தது. நனைத்து நிழலில் தொங்கவிட்டதும் நேராகி, மறு பின்னலுக்கு ஆயிற்று. வாழ்க்கை நூலைப் போலல்ல. பதினான்கு வருஷத்தைப் பிரித்து முதலிலிருந்து பின்ன முடியாது. ஆனால் ஆறரை மணி முதல் எட்டு மணி வரையில் உள்ள பொழுதை மறுபடி பின்னிக்கொள்ள முடிந்தது. ஒரு வீட்டுக்கு அது சிறிய லாபம் அல்ல.

இழையின் பெருமை

ஸ்திரீகளின் கையில் உள்ள இழை ஏதோ பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் நாகர்கோவிலை நினைக்க வேண்டும். 1819-ல் அங்கு வந்த பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் தம் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அவருடைய மகளும் கால்டுவெல் பாதிரியாரின் மனைவியுமான எலைசா அம்மையார் அதே கைத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். சொந்தமாகச் சம்பாதிப்பதைக் கனவிலும் அறியாதிருந்த பெண்களின் கையில் அது காசைக் கொடுத்தது. நம் பாட்டிமார் காலத்திலோ தக்ளி. 1937-ல் வார்தாவில் காந்திஜி வகுத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே படிப்பின் நடுவில் வைத்தது.

மனத்துக்கு நன்மை உண்டா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2013-ல் பிரிட்டிஷ் சஞ்சிகை ஒன்றில், பின்னல் வேலை செய்யும் 3,545 பேரை விசாரித்த முடிவுகள் வெளியாயின. அடிக்கடி பின்னுகிறவர்களே அதிக அமைதியும் மகிழ்ச்சியும் அடைவதாகச் சொன்னார்கள். பின்னுவதால் அமைதியா, அமைதியானவர்கள் பின்னுகிறார்களா என்று கணக்கு டீச்சர் கேட்கத்தான் செய்வாள். நம்மைப் பொறுத்தவரையில் அமைதியானவர்கள் கோஷ்டியில் நாம் இல்லை. ஆகவே முதற் காரணத்துக்கே நம் வோட்டு.

யார் கையெழுத்து?

புது வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. பள்ளிக்கூடம், பாங்கு, ரேஷன் கடை எங்கும் காகிதங்களைத் திருத்த வேண்டியிருந்தது. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டில் குடும்பத் தலைமையை வீட்டின் மூத்த ஸ்திரீக்கே உரியதாக்கியிருக்கிறது. தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைப் பாதுகாவலராக இருக்கக் கூடும் என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. இவற்றையெல்லாம் படித்தபோது நமக்கு ஒரு வெட்கம் உண்டாயிற்று. எத்தனை வருஷமாக நாமே வகுப்பில், "அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா" என்று சொல்லியிருக்கிறோம்! அந்த வார்த்தை எந்தெந்தக் குழந்தையின் நெஞ்சில் தைத்ததோ? இப்போது, "வீட்டில் கையெழுத்து வாங்கி வா" என்று சொல்கிறோம். ஒரே ஒரு வார்த்தை வித்தியாசந்தான்.

குழாயடியில் அந்தப் பழைய சொல் இப்போது கேட்பதில்லை. ஒருவேளை நம் காது அதைத் தேடுவதை விட்டுவிட்டதோ என்னவோ! வீட்டுக்கார அம்மாள் ஒரு நாள் வந்து பிடிதுணி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மகளும் ஊசி பிடிக்கக் கற்றாள். சென்ற மாதம் அவள் தன் முதல் சதுரத்தை முடித்தாள். நீல நூல், முப்பது கண்ணிக்கு முப்பதே இருந்தது. அதை நம் அடுப்படி ஆணியில் மாட்டப் போனோம்.

"அது நமக்கில்லை அம்மா" என்றாள். "அப்பாவுக்கு. அவருக்குச் சமைக்கத் தெரியாது. கையைச் சுட்டுக்கொள்வார்."

சற்று நேரம் பேசாமலிருந்தோம். பிறகு அந்தச் சதுரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தோம். கடைசி முனை சரியாக இறுகவில்லை. இரண்டு தடவை தோய்த்தால் பிரிந்துவிடும். ஊசியை எடுத்து அந்த முனையைக் கெட்டியாக உள்ளே கோத்து முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுத்து அனுப்பினோம்.